எம்பிஎம்எஸ்3 ஸ்குவிட் காந்தமானி: கரிமக் காந்தங்களுக்குப் போதுமா?

குவாண்டம் டிசைன் நிறுவனத்தின் இந்தக் கருவி, ஸ்குவிட் என்ற மீக்கடத்தி உணரியால் மாதிரியின் காந்தத்தன்மையை 1.8 முதல் 400 கெல்வின் வரை, 7 டெஸ்லா காந்தப்புலம் வரை அளக்கும். ஒரு பரிமாணச் சங்கிலியான டெகாமெத்தில்ஃபெரோசின்–டிசிஎன்இ (டெட்ராசயனோஎத்திலீன்) உப்புக்கு இது தாராளம்; அது 4.8 கெல்வினில் காந்த ஒழுங்கு பெறும். ஆனால் 1991-இல் முதல் தூய கரிம (உலோகமில்லா) ஃபெர்ரோகாந்தமாக அறிவிக்கப்பட்ட பாரா-நைட்ரோஃபீனைல் நைட்ரோனைல் நைட்ராக்சைடின் பீட்டா படிக வடிவம் 0.6 கெல்வினில்தான் ஒழுங்குபடும். அதற்கு ஹீலியம்-3 இணைப்பைத் தனியாக வாங்க வேண்டும். அது இல்லாமல் 1.8 கெல்வினுக்கு மேலுள்ள வளைவை மட்டும் பார்த்து ஊகிக்கத்தான் முடியும்.

உணர்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொல்லை மாதிரியில்தான். ஜெலட்டின் குப்பிக்குள் காற்று தங்கினால், உறைந்த ஆக்சிஜன் 50 கெல்வினை ஒட்டிப் போலி மேடு காட்டும். குப்பியில் ஊசித்துளை போட்டு, அறையைப் பலமுறை ஹீலியத்தால் கழுவுங்கள். அதிக புலத்தில் துகள்கள் திரும்பிக்கொள்ளும், இறுக்கி அடையுங்கள். டயாகாந்தத் திருத்தத்தை (எல்லா மூலக்கூறுகளும் புலத்துக்கு எதிராகக் காட்டும் சிறு காந்தத்தன்மைக்கான திருத்தம்) விட்டுவிடாதீர்கள்: மூலக்கூறு எடை 280 என்றால் அதன் ஏற்புத்திறன் (புலத்துக்குக் காட்டும் காந்தப் பதில்) மோலுக்கு ஏறத்தாழ −1.4×10⁻⁴ இஎம்யூ (காந்த அலகு). அறை வெப்பத்தில் ஸ்பின் ½ கொண்ட ராடிக்கலின் ஏற்புத்திறனே மோலுக்கு 1.25×10⁻³ இஎம்யூதான்!

7 டெஸ்லாவுக்குப் போய்வந்த காந்தச்சுருளில் சில பத்து எர்ஸ்டெட் (சிறிய புல அலகு; 10,000 எர்ஸ்டெட் ஏறத்தாழ 1 டெஸ்லா) மிச்சப்புலம் நிற்கும். சிறுபுல அளவீட்டை முதலில் முடித்துவிடுங்கள், இல்லையேல் புலத்தை அலைவு முறையில் (திசையை மாற்றி மாற்றிக் குறைத்து) பூஜ்ஜியமாக்குங்கள்.

இன்னொன்று: சங்கிலிச் சேர்மங்களில் ஏற்புத்திறனின் அகன்ற மேடு குறுந்தொலைவுத் தொடர்பு மட்டுமே, காந்த ஒழுங்கு அல்ல. காந்த ஒழுங்கை நிரூபிக்க வெப்பக் கொள்ளளவில் கூர்முனை போன்ற சான்று வேண்டும். இந்தக் கருவி வெப்பக் கொள்ளளவை அளக்காது.