பழைய குழுமத்தை டிஸ்கோர்ஸுக்குக் குடி மாற்றிய கதை

பொங்கலுக்கு முந்தின வாரம், சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு தட்டுவடை செட் கடை வாசலில் ஏழு பேர் நின்றுகொண்டு எங்கள் இணையக் குழுமத்தை மூடுவதா வேண்டாமா என்று பேசினோம். ஏழு பேரும் வெப் டிசைனர்கள், அல்லது ஒரு காலத்தில் அப்படி இருந்தவர்கள். 2008ல் தொடங்கியபோது சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்து ஆட்கள்தான் அதிகம். ஜவ்வரிசி ஆலைக்கும், கொலுசுப் பட்டறைக்கும், ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களுக்கும் வெப்சைட் செய்து கொடுத்த கூட்டம். அதே வாடிக்கையாளர்கள் இன்று "இன்ஸ்டாகிராமே போதும்மா" என்கிறார்கள். எங்களில் இருவர் இப்போது ரீல்ஸ் எடுக்கிறார்கள். ஒருவர் கோழிப்பண்ணைக் கணக்குக்கு மென்பொருள் விற்கிறார்.

திடீரென்று எல்லோரும் கூடியதற்குக் காரணம் பாசம் இல்லை. குழுமம் ஓடிக்கொண்டிருந்தது பிஎச்பிபிபி 3 என்ற பழைய குழும மென்பொருளின் ஏதோ ஒரு பதிப்பில். அதை யாரும் தொட்டே பல வருடம் ஆகிவிட்டது. சர்வரில் இடம் கொடுத்தவர்கள் அந்த மென்பொருள் எழுதப்பட்ட பிஎச்பி மொழியின் பழைய பதிப்பை நிறுத்தப்போகிறோம் என்று மெயில் அனுப்பிவிட்டார்கள். மூடிவிடலாம் என்றார் ஈரோட்டு அண்ணன். வாட்ஸ்அப்புக்குப் போய்விடலாம் என்றார்கள் மூன்று பேர். டிஸ்கோர்ஸுக்கு மாற்றலாம் என்று நான் சொன்னேன். சொன்னவளே செய் என்று ஆகிவிட்டது.

டிஸ்கோர்ஸ் தெரியாதவர்களுக்கு: ஜெஃப் அட்வுட், ராபின் வார்ட், சாம் சாஃப்ரன் மூவரும் 2013ல் அறிமுகப்படுத்திய, இணையக் குழுமம் நடத்துவதற்கான திறமூல மென்பொருள். காசில்லை. ஆனால் உட்கார இடம் கேட்கும். சர்வரில் குறைந்தது 1 ஜிபி ரேம் என்கிறார்கள். நான் 2 ஜிபி எடுத்தேன், வரியோடு மாதம் ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல். ஏழு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு நாலைந்து தட்டுவடை செட் விலை. டாக்கர் (மென்பொருளைத் தேவையான எல்லாவற்றோடும் ஒரே பொட்டலமாக ஓடவிடும் கருவி) வழியாக நிறுவினால் அரை மணி நேரத்தில் எழுந்து நிற்கிறது. மெயில் அனுப்பும் ஏற்பாடு தனியாக வேண்டும், அது இல்லாமல் கணக்கை உறுதி செய்யும் மெயில் ஒருவருக்கும் போகாது. எனக்கு ஒரு முழு ஞாயிறு அதில்தான் போனது.

பழைய பதிவுகளை இழுத்துவர அவர்களே ஸ்கிரிப்ட் தருகிறார்கள். ஓடவிட்டேன். ஆங்கிலம் எல்லாம் ஒழுங்காக வந்தது. தமிழ் மட்டும் தலையில் கோடு வைத்த ஆங்கில ஏ, அதற்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் என்று வரிவரியாக நின்றது. பதிவு செய்யப்பட்ட வணிகக்குறிக்குப் போடுவார்களே, அந்த ஆர். பார்த்தவுடன் வயிற்றைக் கலக்கினாலும் விஷயம் சின்னதுதான். எல்லா மொழி எழுத்தையும் கணினியில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8ல் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் குறியும் மூன்று பைட். எங்கள் தரவுத்தளம் லத்தீன்-1 (ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய முறை) என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு, உள்ளே யூடிஎஃப்-8ஐ வைத்திருந்தது. புதிய சர்வர் பலகையை நம்பி, ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து என்று படித்துவிட்டது.

இரண்டு நாள் தேடினேன். கடைசியில் விடை கிடைத்த இடம் எங்கள் பழைய குழுமமே! 2010ல் ஒருவர் ஐந்து வரியில் எழுதி வைத்திருக்கிறார்: லத்தீன்-1 என்றே சொல்லி வெளியே எடு, அந்தக் கோப்பில் பெயரை மட்டும் யூடிஎஃப்-8 என்று மாற்று, பிறகு உள்ளே ஏற்று. அப்படியே செய்தேன், தமிழ் தமிழாக வந்தது. எழுதியவருக்குப் போன் போட்டேன். அவர் இப்போது ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் மிளகுக்கொடி பார்த்துக்கொண்டிருக்கிறார். "நானா எழுதினேன்? இருக்காதுங்க" என்றார்.

மூட வேண்டாம் என்று நான் முடிவு செய்தது அந்த இடத்தில்தான். வாட்ஸ்அப்பில் அந்த ஐந்து வரி எப்போதோ புதைந்திருக்கும். வெளியே இருக்கும் ஒரு கல்லூரிப் பையன் கூகுளில் தேடினால் வரவே வராது.

சரி, குறைகளுக்கு வருகிறேன். பழைய கடவுச்சொற்கள் தானாகக் கூடவே வந்துவிடாது. எல்லோரும் மெயில் வழியாகப் புதிதாக வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஆட்கள் கொடுத்திருந்ததோ ரெடிஃப் மெயில், யாகூ, மூடிப்போன கம்பெனி முகவரி. அனுப்பியதில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. புது முகவரியோடு மறுபடி சேர்ந்தவர்களை டிஸ்கோர்ஸ் நேற்று வந்தவர்களாகவே பார்க்கிறது. ஒரு பதிவில் ஒரு படம், இரண்டு இணைப்புக்கு மேல் போட விடாது. கட்டம் போட்டு (டேபிள் லேஅவுட்) வெப்சைட் செய்த காலத்து ஆளுக்கு இது கொஞ்சம் அவமானம்தான். நிர்வாகி கையால் உயர்த்திவிடலாம், நான் ஒவ்வொருவராக உயர்த்தினேன்.

பக்க எண் கிடையாது. கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும். "17ஆம் பக்கத்தில் ஒரு புரோகிராம் கோட் இருந்ததே, அது எங்கே?" என்று இன்னமும் கேட்கிறார்கள். ஆனால் தேடல் அருமை. பழைய முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிடும் வசதியும் இருக்கிறது. பழையதில் பாதி குப்பை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஃப்ளாஷ் மெனு செய்வது எப்படி என்ற கேள்விகளுக்கு, ஃப்ளாஷையே நிறுத்திவிட்ட 2020 டிசம்பர் 31க்குப் பிறகு என்ன மரியாதை? இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 என்ற பழைய பிரவுசருக்கு எழுதிய வைத்தியங்களும் அப்படியே. ஆனால் யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டித் தந்த செய்தியை யூனிகோடாக்குவது பற்றிய இழை இன்றைக்கும் வேலைக்கு ஆகிறது. சிறுபத்திரிகைக்காரர்களும் பள்ளிக்கூடங்களும் இன்னும் பாமினியில்தான் அனுப்புகிறார்கள்.

ஆட்கள் திரும்பி வந்தார்களா? இல்லை. முதல் மூன்று வாரத்தில் எழுதியது நான்கு பேர், அதில் நான் ஒருத்தி. எந்த மென்பொருளும் அதைச் செய்யாது, டிஸ்கோர்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. அதனால் மறுபடி தட்டுவடைக் கடை வாசலில் கூடி இப்படி வைத்துக்கொண்டோம்: 2008 முதல் உள்ளதெல்லாம் யாரும் படிக்கலாம், பதில் எழுத முடியாது. அரட்டை வாட்ஸ்அப்பில். அங்கே ஒரு கேள்விக்கு உருப்படியான விடை வந்தால், சொன்னவரே டிஸ்கோர்ஸில் உள்ள ஒரே ஒரு திறந்த பிரிவில் எழுதி வைக்க வேண்டும். இதுவரை இரண்டு விடை ஏறியிருக்கிறது. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். புதிதாகக் கூட்டம் சேர்க்க நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். பரண் நிறையப் பழைய விடை வைத்திருப்பவர்கள் தாராளமாக எடுக்கலாம்.

நிறுவினால் முதலில் ஒரு அமைப்பை மாற்றிவிடுங்கள். பதில் 20 எழுத்துக்குக் குறைந்தால் டிஸ்கோர்ஸ் ஏற்றுக்கொள்ளாது. நான் அதைக் கவனிக்கவில்லை. முடிவை எழுதிப் போட்டதும் திருச்செங்கோட்டுத் தம்பி "சரிங்கக்கா" என்று அடித்திருக்கிறான், சின்னதாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டது. அடுத்து வந்தது: "சரிங்கக்கா, சரி, சரி, இதுக்கு மேல எப்படிச் சரி சொல்றது."