துணிச்சலுக்குப் பதக்கம்: சட்டமா, அரச ஆணையா, அரசு அறிவிப்பா?

போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், மீட்புப் பணி என்று உயிரைப் பணயம் வைத்து வேலை செய்பவர்களுக்கு நாட்டின் பெயரால் ஒரு வீரப் பதக்கம் கொடுக்க வேண்டும் என்றால், அமெரிக்கா அதற்கு ஒரு சட்டமே போட்டது. பிரிட்டனில் மன்னர் ஆணை பிறப்பித்தார். இந்தியாவில் அரசு அறிவிப்போடு முடிந்துவிட்டது. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பதக்கம் யாருக்குக் கிடைக்கிறது என்பதைவிட யார் விட்டுப்போகிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்கச் சட்டத்தில் ஜார்ஜ் புஷ் 2001 மே 30 அன்று கையெழுத்திட்டார். பொதுப் பாதுகாப்புப் பணியாளர் வீரத்துக்கு அந்த நாட்டில் இந்தச் சட்டம் உருவாக்கிய பதக்கம்தான் மிக உயர்ந்த தேசிய விருது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 11 பேர் கொண்ட ஒரு வாரியம் பரிந்துரைக்கும். அந்த உறுப்பினர்களை அதிபர் மட்டும் நியமித்துவிட முடியாது, நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளிலும் இரு கட்சித் தலைவர்களுக்கும் பங்கு உண்டு. வாரியம் பரிந்துரைத்து, நீதித்துறை அமைச்சர் போன்ற அட்டர்னி ஜெனரல் முன்மொழிந்து, அதிபர் நாடாளுமன்றத்தின் பெயரால் வழங்குவார். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வரையறைப் பிரிவுதான். தீயணைப்பு வீரர், சட்ட அமலாக்க அதிகாரி, அவசர சேவைப் பணியாளர் என்று சொல்லிவிட்டு, "ஊதியம் பெற்றோ பெறாமலோ" அரசு அமைப்பில் பணியாற்றுபவர் என்கிறது. அமெரிக்காவில் ஏராளமான ஊர்களில் தீயணைப்பே தன்னார்வலர்களை நம்பித்தான் நடக்கிறது, அந்த ஒரு சொற்றொடர் இல்லையென்றால் அவர்கள் எல்லோரும் வெளியே நின்றிருப்பார்கள். சிறைக் காவலரும் நீதிமன்றக் காவலரும்கூட இந்த வரையறைக்குள் வருகிறார்கள்.

ஆனால் அதே சட்டம் வருடத்துக்கு அதிகபட்சம் 5 பேர் என்று ஒரு வரம்பையும் வைத்தது. அசாதாரண நிலையில் கூட்டிக்கொள்ளலாம் என்று விலக்கு இருக்கிறது, சரி. ஆனால் கையெழுத்தான நான்காவது மாதமே செப்டம்பர் 11 வந்தது. நியூயார்க் தீயணைப்புத் துறையில் மட்டும் 343 பேர் ஒரே நாளில் இறந்தார்கள். ஐந்து பேருக்கு என்று எழுதிய சட்டம் அதை எப்படித் தாங்கும்? கடைசியில் தனியாக ஒரு பதக்கம் உருவாக்கி, 2005 செப்டம்பரில் 442 பணியாளர்களின் குடும்பங்களிடம் கொடுத்தார்கள். இன்னொரு பக்கம், 2008இல் வந்த நாடாளுமன்ற வீர முத்திரைச் சட்டம் சட்ட அமலாக்க அதிகாரிகளுக்கு மட்டும்தான். அவர்களோடு அதே சம்பவத்தில் நிற்கும் தீயணைப்பு வீரருக்கு அதில் இடமில்லை.

பிரிட்டனில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் 1940 செப்டம்பரில், ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்த சமயத்தில், ஜார்ஜ் கிராஸ், ஜார்ஜ் மெடல் என்ற இரண்டு வீர விருதுகளை அரச ஆணை மூலம் நிறுவினார். பழைய பதக்கத்துக்கு மாற்றாக இல்லாமல் நேரடியாக ஜார்ஜ் கிராஸ் வாங்கிய முதல் ஆள் தாமஸ் ஆல்டர்சன். பிரிட்லிங்டன் ஊரில் இடிந்த வீடுகளுக்கு அடியில் சுரங்கம் போலத் தோண்டிக்கொண்டு நுழைந்து, மேலே இடிபாடுகள் எந்த நேரமும் சரியும் என்ற நிலையில் மனிதர்களை வெளியே இழுத்துவந்த மீட்புக்குழுத் தலைவர் அவர். நீ எந்தத் துறை, யார் உனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று இந்த விருது கேட்பதில்லை, செய்த காரியத்தைத்தான் பார்க்கிறது. எண்ணிக்கை வரம்பும் இல்லை. 1942இல் மால்டா தீவுக்கே கொடுத்தார்கள், 2021இல் தேசிய சுகாதாரச் சேவைக்குக் கொடுத்தார்கள். குறை என்னவென்றால், விதிகளை அரசு உள்ளுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளலாம், நாடாளுமன்றத்தில் விவாதம் தேவையில்லை. பணியில் இறந்த பொது ஊழியர்களுக்கான எலிசபெத் சின்னம் 2024இல்தான் வந்தது. அவ்வளவு பழைய மரபு உள்ள நாட்டுக்கு அது ரொம்பத் தாமதம்.

நம் ஊர் கதைக்கு வருவோம். போர்க்களத்துக்கு வெளியே காட்டும் வீரத்துக்கான உச்ச விருதான அசோக சக்ரா 1952இல் நிறுவப்பட்டது. ராணுவத்தினர், போலீசார், சாதாரணக் குடிமக்கள் எல்லோருக்கும் உண்டு. 2008 நவம்பர் 26 இரவு மும்பை கிர்காவ் சௌபாட்டியில் கையில் லத்தியோடு நின்ற உதவி சப் இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே, பயங்கரவாதி கசாப்பின் துப்பாக்கிக் குழலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. குண்டுகளைத் தன் உடம்பில் வாங்கினார், அதனால்தான் கசாப்பை உயிரோடு பிடிக்க முடிந்தது. அவருக்கு அசோக சக்ரா கிடைத்தது. உச்சியில் இருக்கும் விருது நன்றாகத்தான் இருக்கிறது.

சிக்கல் கீழே வரும்போதுதான். உள்துறை அமைச்சகத்தின் பழைய 16 பதக்கங்களை நான்காகச் சுருக்கி, 2024 குடியரசு தினத்திலிருந்து கொடுக்கிறார்கள். போலீஸ், தீயணைப்பு, ஊர்க்காவல் படை, குடிமைப் பாதுகாப்பு, சிறைத்துறை வரை இருக்கிறது, ஆம்புலன்ஸ் இல்லை. அப்புறம் 1961இல் வந்த ஜீவன் ரக்‌ஷா பதக்கம், அது உயிரைக் காப்பாற்றியவர்களுக்கு. ஆனால் போலீஸோ தீயணைப்பு வீரரோ பணி நேரத்துக்கு வெளியே செய்திருந்தால் மட்டும்தான் அதற்குத் தகுதி. அவர்களுக்கு வேறு பதக்கம் இருக்கிறதே என்ற நியாயம் புரிகிறது. ஆனாலும் நீரில் மூழ்கிய ஒருவரை லீவு நாளில் தூக்கினால் ஒரு விருது, சீருடையில் தூக்கினால் வேறொரு வரிசை என்று ஒரே செயலைப் பிரித்து வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அமெரிக்க வழியைத்தான் எடுப்பேன். யார் தேர்ந்தெடுக்கிறார்கள், என்ன தகுதி என்பதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், விட்டுப்போனவர்களுக்காக எம்.பி.யிடம் போய்த் திருத்தம் கேட்கலாம். ஆனால் அந்த 5 பேர் வரம்பு வேண்டவே வேண்டாம், செயலை மட்டும் பார்க்கும் குணத்தை ஜார்ஜ் கிராஸிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்க வரையறையிலும் எனக்கு ஒரு பெரிய குறை தெரிகிறது. அரசு அமைப்பில் பணி என்று கட்டிவிட்டால் ஒப்பந்த நிறுவனத்தின் ஆம்புலன்ஸ் ஊழியர் உள்ளே வருவாரா என்பது சந்தேகம்தான். தமிழ்நாட்டில் 108 வண்டியில் போகும் மருத்துவ உதவியாளரும் ஓட்டுநரும் அரசு ஊழியர்கள் இல்லை, அரசுக்காகச் சேவையை நடத்தும் நிறுவனத்தின் ஊழியர்கள். விபத்து நடந்த நெடுஞ்சாலையில், பெட்ரோல் கசியும் வண்டிக்குள் பாதி உடம்பை நுழைத்து ஒருவரை வெளியே எடுப்பவர்கள் அவர்கள். கஜா புயலில் ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்தபோது வெளிமாவட்டங்களிலிருந்து வந்து கம்பம் ஏறியவர்களிலும் ஒப்பந்தத் தொழிலாளிகள் உண்டு. இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் என்றைக்காவது வந்தால், "ஊதியம் பெற்றோ பெறாமலோ" என்பதற்குப் பக்கத்தில் "நேரடியாகவோ ஒப்பந்தத்திலோ" என்று சேர்த்து எழுதியே ஆக வேண்டும்.