பழைய ஹார்டு டிஸ்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

மதுரையில் பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புதுசு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

மறைந்த அப்பாவின் சிபியூ விண்டோஸ் 7 காலத்தது. போன மாதம் டவுனுக்குள் ஒரு கடையில் புதுசு எடுத்தோம். "பழசுல உள்ளதை எல்லாம் ஏத்திக் குடுத்துர்றோம்ணே, 800 ரூபா" என்றார் கடைத் தம்பி. சரி என்று பழைய சிபியூவை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

வீட்டில் திறந்தால், டெஸ்க்டாப்பில் அப்பா வைத்த பெயர்கள் அப்படியே இருந்தன. 'அழகர் 2011' கூட. மூன்றாம் நாள் அம்மா, "பாட்டி படத்தைக் காட்டுடா" என்றபோதுதான் அதை அழுத்தினேன். திறக்கவில்லை. ஐகானின் மூலையில் குட்டியாக ஓர் அம்புக்குறி. அளவு 1 கேபி. அத்தனையும் வெறும் ஷார்ட்கட், அதாவது நிஜ ஃபோல்டர் இருக்கும் இடத்தைக் காட்டும் குறி மட்டும்! நிஜப் படங்கள் சி டிரைவில், யூசர்ஸ் ஃபோல்டருக்குள் இருந்திருக்கின்றன. அவர்கள் டி டிரைவையும் டெஸ்க்டாப்பையும் மட்டும் எடுத்திருக்கிறார்கள்.

ஓடினேன். அதற்குள் டிஸ்கை ஃபார்மேட் அடித்து, வேறொருவருக்கு விற்க விண்டோஸும் ஏற்றிவிட்டார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. குயிக் ஃபார்மேட் மட்டும் என்றால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். மேலே புதிதாக எழுதிவிட்டால் எழுதிய இடத்தில் இருந்தது போனதுதான். 900 ரூபாய் கொடுத்து எங்கள் டிஸ்கை நாங்களே திரும்ப வாங்கினோம்.

டெஸ்க்டாப் டிஸ்க் என்றால் அதை யூஎஸ்பியில் இணைக்க, 12 வோல்ட் அடாப்டரோடு வரும் சாட்டா–யூஎஸ்பி கேபிள் ஒன்று போதும், உள்ளதை எல்லாம் வீட்டிலேயே புதுசுக்கு மாற்றிக்கொள்ளலாம். லேப்டாப்பின் 2.5 இன்ச் டிஸ்குக்கு அடாப்டர்கூட வேண்டாம். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. கடையில்தான் செய்வேன் என்றால், பழைய டிஸ்கைக் கழற்றிக் கையில் வாங்குங்கள். பழசு, புதுசு இரண்டிலும் ஃபோல்டர் அளவை ஒப்பிட்டு, பத்துப் படத்தையாவது திறந்து பாருங்கள். டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டால் உடனே கரண்டை நிறுத்திவிடுங்கள்.

அப்பா பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்டில் அடித்த கடிதங்கள் டி டிரைவில் இருந்ததால் வந்துவிட்டன. முதலில் எல்லாம் ஆங்கில எழுத்தாகத் தெரிந்தது; ஃபாண்டைப் போட்டதும் சரியாகிவிட்டது.

மீட்பு மென்பொருளில் பாட்டியின் படம் ஒன்று கிடைத்தது. மேலே வைகைக் கரைக் கூட்டம், பாட்டியின் நெற்றித் திருநீறு வரை தெரிகிறது. அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம். அம்மா அதையும் பிரிண்ட் போடச் சொல்லியிருக்கிறாள்.