பழைய டேப் டெக்: மூணு ஹெட்டா, ரெண்டு ஹெட்டா, இல்ல புதுசா?

தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் நம்ம ஆளுங்க வீட்டுல இன்னும் பெட்டி பெட்டியா கேசட் கிடக்கு. கல்யாணம், காவடி, தெருக்கூத்து, பஜனை, 1983ல இங்க இருக்குற இந்தியர்களுக்காக ரேடியோ லோட்டஸ் ஸ்டேஷன் வந்தப்புறம் அதுல பிடிச்சு வச்ச பாட்டுங்க. இதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னா கேசட் ஓட்டுற நல்ல டெக் ஒண்ணு வேணும், அதுக்கு மூணு வழி இருக்கு. புதுசா டியாக் டபிள்யூ-1200 மாதிரி வாங்கலாம், 80கள்ல வந்த பெரிய மூணு ஹெட் (டேப்ப உரசிப் படிக்கிற, பதியிற, அழிக்கிற காந்த முனை) டெக் பிடிக்கலாம், இல்ல அதே காலத்து சாதாரண ரெண்டு ஹெட் டெக்க எடுத்து பெல்ட் மாத்தி ஓட்டலாம். நான் எடுத்தது கடைசி வழி, டெக்னிக்ஸ் கம்பெனியோட டெக், யாரு கேட்டாலும் அதத்தான் சொல்வேன்.

புதுசு பத்தி சீக்கிரம் சொல்லிடுறேன். வாரண்டி இருக்கு, யுஎஸ்பி இருக்கு, வேகத்த 12 சதவீதம் வரைக்கும் ஏத்தி இறக்கலாம். ஆனா வாவ் ஃப்ளட்டர், அதாவது டேப் ஓடுற வேகத்துல வர்ற ஆட்டம், 0.25 சதவீதம்னு அவங்களே போடுறாங்க, 80கள்ல வந்த நல்ல டெக்ல அது 0.1க்கும் கீழ. நாதஸ்வரத்துல ஒரு சுரத்த இழுத்துப் பிடிக்கிற இடத்துல அந்த ஆட்டம் காதுல விழும். டேப்போட இரைச்சல கொறைக்கிற டால்பி சியும் கிடையாது. வெறும் பேச்சு கேசட்தான்னா புதுசே போதும்.

மூணு ஹெட் டெக் ஆச மோசமானது, எனக்கும் உண்டு. 1973லயே ஜப்பான் கம்பெனி நக்கமிச்சியோட 1000 மூணு ஹெட்டோட வந்துருச்சு, 1982ல வந்த அவங்களோட டிராகன் ஓடிட்டிருக்கும்போதே அசிமுத்த (டேப்புக்கு ஹெட் நிக்கிற சாய்வு) தானா சரி பண்ணிக்கும். நான் நக்கமிச்சிய பிரிச்சு வேலை பாத்ததில்ல, ஒரு சொந்தக்காரர் வீட்டுல கேட்டதோட சரி, சத்தம் அருமை, அதுல பேச்சே இல்ல. ஆனா மூணாவது ஹெட் எதுக்கு? ரெக்கார்ட் பண்ணும்போதே டேப்ல என்ன விழுதுன்னு கேக்க. நமக்கு வேண்டியது பழச ஓட்டுறது மட்டும்தானே. அப்புறம் அந்த மாதிரி டெக்ல முக்காவாசி ரெண்டு கேப்ஸ்டன் (டேப்ப இழுக்குற சுழலும் கம்பி), ரெண்டு பிஞ்ச் ரோலர் (டேப்ப அதோட அழுத்துற ரப்பர் உருளை). ரெண்டும் சேந்து டேப்ப இழுத்துப் பிடிச்சிருக்கும், நல்லா இருக்குற வரைக்கும் அத அடிச்சுக்க ஆளில்ல. ஒரு ரோலர் ரப்பர் இறுகிப் போச்சுன்னா நடுவுல டேப் தொய்ஞ்சு ஓரம் மடங்கிடும். கடையில வாங்குன பாட்டு கேசட்னா போகட்டும், தாத்தா குரல் இருக்குற ஒரே கேசட்ல அப்படி ஆனா யாரு திருப்பித் தருவா?

எனக்கு எல்லாத்தையும் முடிவு பண்ணது ரிப்பேர்தான். இங்க டெக் ரிப்பேர் தெரிஞ்சவங்க கொறஞ்சு போயிட்டாங்க, நாமளே திறந்து பாக்குற மாதிரி இருக்கணும். ரெண்டு ஹெட் டெக்ல பெரும்பாலும் ரெண்டு பெல்ட், ரீல சுத்த வைக்கிற ஒரு ஐட்லர் ரப்பர், ஒரு பிஞ்ச் ரோலர், அவ்வளவுதான். மூடியக் கழட்டுனா பழைய பெல்ட் சில சமயம் தார் மாதிரி உருகி புல்லியில ஒட்டிக் கிடக்கும், விரல்ல பட்டா சோப்புக்கெல்லாம் போகாது, ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல பட்ஸ முக்கி சுத்தமா எடுக்கணும், கொஞ்சம் விட்டாலும் புது பெல்ட் வழுக்கும். பெல்ட் உருகாம தளர்ந்து மட்டும் இருந்தா அத அளந்து 5 சதவீதம் சின்னதா ஆர்டர் பண்ணுங்க. மாத்தினதும் வேகம் கொஞ்சம் மாறியிருக்கும், நிறைய மோட்டர்ல பின்னாடி சின்ன ஓட்டை இருக்கும், உள்ள ஒரு குட்டி திருகு. 3000 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டேப் போட்டு, போன்ல ஃப்ரீக்வன்சி காட்டுற ஆப் வச்சுக்கிட்டு, 3000 காட்டுற வரைக்கும் அத மயிரிழை மயிரிழையா திருப்பணும்.

அசிமுத்தும் அப்படித்தான். ஒவ்வொரு வீட்டு டெக்கும் ஒவ்வொரு சாய்வுல பதிஞ்சிருக்கும். ஹெட் பக்கத்துல இருக்குற ஸ்குரூவ மோனோல (ரெண்டு பக்க சத்தத்தையும் ஒண்ணா சேத்து) கேட்டுக்கிட்டே லேசா திருப்புங்க, ஜால்ரா சத்தம் பளிச்சுனு வர்ற இடத்துல நிறுத்துங்க. முன்னாடி ஸ்குரூ எந்த நிலையில இருந்துச்சுன்னு குறிச்சு வச்சுக்கணும். ஆட்டோ ரிவர்ஸ் (கேசட்ட திருப்பாமலே மறுபக்கம் ஓட்டுற) டெக் நிறையத்துல ஹெட்டே சுத்துறதால இந்த அட்ஜஸ்ட்மெண்ட் நிக்க மாட்டேங்குது, அது வேண்டாம்.

மூணு ஹெட்டுக்கு ஒரு நியாயமும் சொல்லணும். கேசட்டுக்குள்ள இருக்குற ஸ்பாஞ்சு பேட் உதிர்ந்து போனா சாதாரண டெக்ல சத்தம் மங்கிடும், நக்கமிச்சி ரெண்டு கேப்ஸ்டன் டெக்குங்க அந்த பேட்ட தள்ளி விட்டுட்டே ஓட்டும். நான் வேற கேசட்ல இருந்து பேட் எடுத்து ஒட்டிக்கிறேன்.

ஜப்பான்ல இருந்து ஆன்லைன்ல வாங்குறதா இருந்தா அது 100 வோல்ட், நம்ம 230ல நேரா சொருகுனா போச்சு, ஸ்டெப் டவுன் வேணும். உள்ளூர்ல வாங்குனா இந்த தொல்ல இல்ல. கரண்ட் போற நேரத்துல மட்டும் பிளக்க புடுங்கி வச்சிடுங்க, கரண்ட் திரும்பி வர்றப்ப வர்ற அடி பழைய பவர் சப்ளைக்கு ஆகாது.

வாங்கப் போறப்ப ஒரு 90 நிமிஷ கேசட் கையோட கொண்டு போங்க. பிளே ஆகுறது மட்டும் பத்தாது, ரீவைண்ட கடைசி வரைக்கும் ஓட விட்டுப் பாருங்க, பாதியில திணறுனா ஐட்லர் ரப்பர் போயிருக்கு, அத வச்சு விலைய குறைக்கலாம். ஹெட்ட விரல் நகத்தால மெதுவா தடவிப் பாருங்க, பள்ளமா தட்டுப்பட்டா மட்டும் விட்டுட்டு வந்துடுங்க, மத்த எல்லாத்தையும் வீட்டுல சரி பண்ணிக்கலாம்.