தெரமினில் தோடி: அந்த ஒரு குமிழ்தான் வில்லங்கம்

டிஜிட்டல் தெரமின் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை.

தெரமின் ஒரு மின்னணு வாத்தியம், எதையும் தொடாமல் காற்றில் கையை அசைத்தே வாசிக்கலாம், வலக்கை சுருதிக்கு, இடக்கை ஒலியளவுக்கு, ரஷ்யாவில் லெவ் தெர்மென் 1920 வாக்கில் உருவாக்கியது என்பதெல்லாம் அவருக்கே தெரியும். என் டிஜிட்டல் மாடலில் சுருதியைத் தானே திருத்தித் தரும் குமிழ் ஒன்று உண்டு. என் எரிச்சலெல்லாம் அதன் மேல்தான்.

குமிழை முழுக்கத் திருப்பினால், கை எங்கே நின்றாலும் பக்கத்து ஸ்வரத்தில் கொண்டுபோய் ஒட்டிவிடும். வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ஆனால் தோடி ராகம்? காந்தாரத்தை, அதாவது 'க' ஸ்வரத்தை அசைத்தால் படிக்கட்டில் பாத்திரம் உருளுகிற மாதிரி ரி, க, ம என்று தட்டித் தட்டி விழுகிறது. பாதியில் வைத்தால் இன்னும் மோசம். நான் ஒரு பக்கம் இழுக்க, அது ஒரு பக்கம் இழுக்கும். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துக் குழைப்பது, வராது என்பதையும் ஒரு குறையாகச் சொல்லித்தான் 1940இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தைத் தள்ளி வைத்தது. கமகத்துக்கென்றே பிறந்தது போன்ற வாத்தியத்தை மெனக்கெட்டு ஹார்மோனியமாக்கியிருக்கிறார்கள்!

நியாயமாகவும் சொல்ல வேண்டும். குமிழைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டால் வேறு உலகம். விரல் நுனி லேசாக அசைந்தால் போதும், சஹானா ராகம் குழைந்து வரும். தந்தியும் இல்லை, வீணையில் இருப்பது போல மெட்டும் இல்லை, நடுவில் எந்தத் தடையும் இல்லை. தம்பூரா ஆப்பை ஓடவிட்டு ராத்திரியில் ஆலாபனை செய்து பாருங்கள், நேரம் போவதே தெரியாது.

கீர்த்தனைக்கு வந்தால் திண்டாட்டம்தான். ஒலி அறுபடாமல் வருவதால் ஸஸ ரிரி என்று ஒவ்வொரு ஸ்வரத்தையும் இரட்டித்து வாசிக்கும் ஜண்டை வரிசைக்கே இடக்கையால் ஒவ்வொரு முறையும் ஒலியை வெட்ட வேண்டியிருக்கிறது. பிறகு உடம்பு. கை மட்டுமல்ல, ஆள் மொத்தமும் கையசைவை உணரும் அந்த மின்புலத்துக்குள்தான் நிற்கிறோம். தெரமின் மேதை கிளாரா ராக்மோர் சிலை போல நின்று வாசித்தது சும்மா இல்லை. நமக்கோ ராகத்தில் நல்ல பிடி ஒன்று விழுந்தால் தலை தானாக ஆடும். ஆடினால் சுருதி நகரும். பின்னால் யாராவது காபி கொண்டு வந்தாலும் அதே கதி. நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் மறுபடி அளவு சரிசெய்ய வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "சஹானா அவ்வளவு நன்றாக வருமா?" என்றார். வரும். ஆனாலும் வாங்க வேண்டாம். அந்தக் காசுக்குச் சுமாரான வயலின் ஒன்றும் சில மாத வகுப்புக் கட்டணமும் தேறும். வயலினில் எந்தக் குமிழும் கிடையாது.