டீப் ஃப்ரையர் வாங்கப் போகிறீர்களா? எண்ணெய் ஊற்றுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

வீட்டுக்கு டீப் ஃப்ரையர் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு விற்றவர்களின் பெயரை எழுதவில்லை, புகார் இன்னும் முடியவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை. அச்சு அசலாக அதே சாதனம் வேறு வேறு பெயர்களில் விற்பனைக்கு இருப்பதைப் பிறகு பார்த்தேன்.

விளம்பரத்தில் சொன்னவை: 4 லிட்டர் கொள்ளளவு, 2000 வாட், 190 டிகிரி வரை வெப்பக் கட்டுப்பாடு, அளவுக்கு மீறிச் சூடானால் தானே நின்றுவிடும் பாதுகாப்பு. வாங்குவதற்கு முன் ஃபோனில் கேட்டேன், 2000 வாட் உறுதிதானா என்று. "பெட்டியிலேயே போட்டிருக்குங்க" என்றார் விற்பனையாளர். பெட்டியில் போட்டிருந்தது உண்மைதான்.

சாதனத்தின் அடிப்பக்கம் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும். அதில் 1200 வாட் என்று இருந்தது. பிளக்கில் செருகும் மின் அளவுமானி ஒன்றை வைத்துப் பார்த்தேன், அதுவும் 1200-ஐ ஒட்டித்தான் காட்டியது. 4 லிட்டர் என்பது பாத்திரத்தின் விளிம்பு வரைக்குமான கணக்கு. உள்ளே பொறித்திருக்கும் அதிகபட்சக் கோடு வரை ஊற்றினால் இரண்டரை லிட்டர்தான் பிடிக்கிறது. விளிம்பு வரை எண்ணெய் ஊற்றி யாரும் பொரிக்க முடியாது. ஈரமான பொருள் உள்ளே போனதும் பொங்கி வழிந்துவிடும்.

வாட் குறைந்தால் என்ன, கொஞ்சம் மெதுவாகச் சூடாகும், அவ்வளவுதானே என்று சிலர் சொன்னார்கள். அப்படி இல்லை. இரண்டரை லிட்டர் எண்ணெயை 25 டிகிரியிலிருந்து 180-க்குக் கொண்டுபோக 2000 வாட்டுக்குக் கணக்குப்படி ஆறு நிமிடம் போதும், 1200 வாட்டுக்குப் பத்து நிமிடம். வெளியே வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் இரண்டுமே இன்னும் நீளும். அந்தக் காத்திருப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சிக்கல், பொரிக்க வேண்டியதைக் கூடையில் வைத்து எண்ணெய்க்குள் இறக்கிய பிறகுதான் வருகிறது. பொருளில் இருக்கும் நீர் ஆவியாக நிறைய வெப்பம் வேண்டும், அதை எண்ணெயிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். எண்ணெய் சட்டென்று குளிர்கிறது. இழந்த சூட்டை ஃப்ரையர் எவ்வளவு வேகமாக ஈடுகட்டுகிறதோ அதுதான் அதன் தரம். என்னுடையதில் சூடு 140-க்குக் கீழே போய் அங்கேயே தங்கிவிட்டது. மேலே மொறுமொறுப்பு வருவதற்குள் உள்ளே காய்ந்து போகிறது, வெளியே எடுத்தால் எண்ணெய் வடிகிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பார்த்தேன். அப்படிச் செய்வதற்கு அடுப்பும் கடாயுமே போதும்.

இனிச் சொல்வதுதான் என்னை உண்மையில் பயமுறுத்தியது. வெப்பத்தைத் திருப்பி வைக்கும் குமிழை 170-ல் வைத்திருந்தேன். சூடேறுவதைக் காட்டும் விளக்கு அணைந்தபோது எண்ணெயின் சூடு 205. தெர்மாமீட்டர் மேல் சந்தேகம் வந்து அதைக் கொதிக்கும் நீரில் வைத்துப் பார்த்தேன், சரியாக 100 காட்டியது. அதிகபட்சமான 190-க்குத் திருப்பினேன். எண்ணெய் 230-ஐத் தாண்டிப் புகைய ஆரம்பித்தது. தானே நின்றுவிடும் என்று சொன்ன பாதுகாப்பு வேலை செய்யவில்லை. நானே பிளக்கைப் பிடுங்கினேன். சுத்திகரித்த எண்ணெய்களில் பல அந்தச் சூட்டை ஒட்டித்தான் புகையத் தொடங்கும். அதற்கு மேலும் ஏறிக்கொண்டே போனால் தீப்பிடிக்கும். அப்படி எங்காவது நடந்தால் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், தீ வெடித்துப் பரவும். மின்சாரத்தை நிறுத்தி, பக்கத்தில் போக முடிந்தால் மூடியால் மூடி, ஆறும் வரை தொடாமல் விடுங்கள்.

தீ இருக்கட்டும், சாப்பாட்டுக்கும் இது கெடுதல். மாவுச்சத்துள்ள பொருள்களை அதிகச் சூட்டில் பொரித்தால், புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உருவாகிறது என்பதை 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியே சொன்னார்கள். 2017-இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த விதி, உருளைக்கிழங்கு பொரிக்கும் எண்ணெய் 175 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்கிறது. குமிழில் 170 என்று பார்த்து நிம்மதியாக இருப்பவருக்கு உள்ளே 205 நடக்கிறது என்று எப்படித் தெரியும்?

சரி, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அழைத்தேன். எண்ணெய் ஊற்றிவிட்டீர்களா என்பதுதான் அவர்கள் கேட்ட முதல் கேள்வி. ஊற்றினேன் என்றதும், அப்படியானால் அது பயன்படுத்திய பொருள், சுகாதாரக் காரணங்களுக்காகத் திரும்ப எடுப்பதில்லை என்றார்கள். எண்ணெய் இல்லாமல் ஃப்ரையரை எப்படிச் சோதிப்பது என்று கேட்டேன். பதில் வரவில்லை. அவர்களே கொடுத்த கையேட்டில், எண்ணெய் இல்லாமல் எக்காரணம் கொண்டும் சுவிட்சைப் போடாதீர்கள் என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. ஊற்றினால்தான் குறை தெரியும், ஊற்றிவிட்டால் குறையைச் சொல்ல உரிமை இல்லை. இந்த நிபந்தனையை வாங்கும்போது யாரும் வாயால் சொல்லவில்லை. எங்கோ கீழே, சின்ன எழுத்தில் இருந்தது.

வாரண்டி இருக்கிறதே என்று சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். குறை எதுவும் இல்லை என்று ஒரு தாளோடு திரும்பி வந்தது. எந்தச் சூட்டில் வைத்து, எதைக்கொண்டு அளந்தீர்கள் என்று எழுதிக் கேட்டதற்கு, வேறு எண்ணெய் பயன்படுத்திப் பாருங்கள் என்று பதில். குமிழ் 35 டிகிரி தப்பாகக் காட்டுவதற்கும் எண்ணெயின் வகைக்கும் சம்பந்தமே இல்லை.

விற்றவர்களைக் கொஞ்சம் அசைத்தது அந்தத் தகடுதான். பெட்டியில் 2000, தகட்டில் 1200, இரண்டும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து அனுப்பினேன். அதற்கு எண்ணெய் ஊற்றினேனா இல்லையா என்ற பேச்சே வராது. உடனே, பாதிப் பணம் தருகிறோம், புகாரை விட்டுவிடுங்கள் என்றார்கள். மறுத்துவிட்டேன். பாதுகாப்பு வேலை செய்யாத ஒரு சாதனத்தை இன்னொரு வீட்டுச் சமையலறைக்கு இவர்கள் அனுப்பிக்கொண்டிருக்கும்போது நான் வாயை மூடிக்கொள்ள முடியாது. கார்டில் கட்டியதால் வங்கியிடம் முறையிட்டிருக்கிறேன்.

ஆகவே, எண்ணெய் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே பார்க்கக்கூடியதை எல்லாம் பார்த்துவிடுங்கள். முதலில் கவிழ்த்துத் தகட்டைப் படியுங்கள். நேரில் வாங்கினால் கடையிலேயே, ஆன்லைனில் என்றால் பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துக்கொண்டு. லிட்டரைப் பெட்டியில் பார்க்காதீர்கள், அதிகபட்சக் கோடு வரை தண்ணீர் ஊற்றி அளந்துவிட்டு நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். சுவிட்சைப் போட வேண்டாம். எண்ணெய்ப் பாத்திரத்தைத் தனியாகக் கழற்ற முடியாத மாதிரி என்றால் இந்தச் சோதனையே வேண்டாம், மின்பாகங்களில் நீர் இறங்கிவிடலாம். ஃப்ரையர் வகைகளுக்கான சர்வதேசப் பாதுகாப்புத் தரத்தின் எண் ஐஇசி 60335-2-13. அதன்படி சோதித்த சான்று இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். கேள்வி புரியாத மாதிரிப் பேசினால் அதுவே உங்களுக்குப் பதில்.

சூடேற்றும் கம்பி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். எண்ணெய்க்குள்ளேயே, அடித்தளத்திலிருந்து கொஞ்சம் உயரத்தில் இருந்தால் நல்லது. கம்பிக்குக் கீழே இருக்கும் எண்ணெய் அவ்வளவு சூடாகாது, உதிரும் துகள்கள் அங்கே போய்ப் படியும், கருகாது, எண்ணெயும் சீக்கிரம் கெடாது. என்னுடையதில் கம்பி பாத்திரத்துக்கு வெளியே, அடியில் இருக்கிறது. விழுந்த துகள் எல்லாம் அடியிலேயே தீய்ந்தது. (ஏர் ஃப்ரையர் வாங்கிவிடுங்கள், இரண்டும் ஒன்றுதான் என்று சிலர் விற்கிறார்கள். ஒன்றில்லை. அது சூடான காற்றைச் சுழற்றும் சின்ன ஓவன். நல்ல பொருள்தான், ஆனால் வேலை வேறு.)

எண்ணெய் ஊற்றிச் சோதித்த பிறகு வெப்பம் தவறாக இருந்தால் திரும்ப எடுப்பீர்களா என்ற ஒரே கேள்வியை, பணம் கட்டுவதற்கு முன்னால், எழுத்தில் கேளுங்கள். ஃபோனில் கிடைக்கும் "ஆமாம்" எதற்கும் உதவாது. எடுப்போம் என்று எழுதிக் கொடுத்தால், சாதனம் வந்த அன்றே 300 டிகிரி வரை காட்டும் சமையல் தெர்மாமீட்டரால் அளந்துவிடுங்கள். முனை உலோகத்தில் படக் கூடாது, எண்ணெயின் நடுவில் இருக்க வேண்டும். முதல் தடவை சூடேறும்போது எந்த ஃப்ரையரும் கொஞ்சம் தாண்டிப் போகும். விளக்கு இரண்டு மூன்று முறை எரிந்து அணைந்த பிறகு பார்ப்பதுதான் சரியான அளவு. பத்துப் பதினைந்து டிகிரி ஏறி இறங்குவது சகஜம், அதற்கெல்லாம் சண்டை போட வேண்டாம்.

ஏற்கெனவே வீட்டில் ஃப்ரையர் வைத்திருப்பவர்களும், எண்ணெயை வடித்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, நன்றாக ஆறிய பிறகு கவிழ்த்து அந்தத் தகட்டைப் பாருங்கள். பெட்டியில் சொன்ன வாட்டோடு ஒத்துப்போகவில்லை என்றால் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பில்லோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.