வெல்டிங் புகை: முகத்தில் மாஸ்க்கா, பக்கத்தில் உறிஞ்சு குழாயா?

கிரில் பட்டறைகளில் வழக்கமாகப் பார்ப்பது மூக்கில் கட்டிய ஒரு கர்ச்சீப். அதைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். வெல்டிங் புகைத்துகள் பெரும்பாலும் 1 மைக்ரானைவிடச் சிறியது. அதற்குத் துணி வெறும் சல்லடை.

என்95 மாஸ்க் மலிவு, கேட் மாட்டப் போகும் வீட்டுக்கும் பையில் வரும். துகளைப் பிடிக்கும், முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால். மூன்று நாள் தாடி போதும், ஓரத்தில் காற்று புகுந்துவிடும். ஓசோன் போன்ற வாயுவைத் தடுக்காது. பக்கத்தில் கிரைண்டிங் செய்யும் பையனுக்கும் உங்கள் மாஸ்க்கால் பயனில்லை.

உறிஞ்சு குழாய், புகை மூக்குக்கு ஏறும் முன்பே இழுத்துவிடும். அதன் வாய் ஆர்க்கிலிருந்து, அதாவது பற்றவைக்கும் மின்பொறியிலிருந்து, ஒரு அடிக்குள் இருக்கணும். தள்ளி வைத்தால் சத்தம்தான் மிச்சம். ரொம்ப ஒட்டி வைத்தால் வாயு பாய்ச்சிச் செய்யும் மிக், டிக் வகை வெல்டிங்கில், காற்று படாமல் காக்கும் அந்தக் காப்பு வாயுவையும் சேர்த்து இழுத்து, பற்றவைத்த இடத்தில் பொத்தல் விழும். நீளமான கேட்டில் நகர்த்திக்கொண்டே போவது தொல்லைதான்.

வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-ல் வகைப்படுத்தியது. பட்டறைக்குள் என் ஓட்டு குழாய்க்கே. எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்றால் குரோமியம், நிக்கலும் சேர்வதால் இரண்டும் வேண்டும். வெளிவேலைக்கு மாஸ்க், காற்று பக்கவாட்டில் வரும்படி நின்று.